பளபளவென்று மின்னிய, வெளிச்சம் தராத இரண்டு ஃபாக் லைட்டுகள்

கார் 1965 எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரை திறந்த பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். உரிமையாளர் ஷெஃபீல்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர். வாரம் ஒருமுறை ஸ்னேக் பாஸ் வழியாக மலையைத் தாண்டி க்ளாஸப் போய்த் தங்கையைப் பார்த்துவிட்டு வருவார், அதுவும் இந்தக் காரில்தான் போவார், வீட்டில் இன்னொரு நல்ல கார் சும்மா நிற்கும். அந்த ஏ57 சாலை உச்சியில் 500 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. அக்டோபர் பிறந்துவிட்டால் மேகம் கீழிறங்கி சாலையிலேயே உட்கார்ந்துவிடும். அவர் சொன்ன குறை இதுதான்: "ஃபாக் லைட்டைப் போட்டால் ஒன்றும் தெரிவதில்லை. அணைத்தால் கொஞ்சம் தெரிகிறது."

வண்டியைப் பார்த்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. கிரில்லுக்கு முன்னால் பம்பரின் மேல் இரண்டு லூகாஸ் 576 விளக்குகள், முகம் பார்க்கலாம் போல க்ரோம், ஒரு கீறல் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பட்டறையில் கொடுத்து முழுசாகப் புதுப்பித்தாராம், நல்ல செலவாம். லூகாஸ் அந்தக் கார்களுக்கு மின்சாதனம் செய்துகொடுத்த கம்பெனி, அதன் விளக்கு எப்போது அணையும் என்று சொல்ல முடியாது என்பதால், பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களிடம் பெயரை எடுத்தாலே "இருளின் இளவரசர்" என்று சிரிப்பார்கள், அது இங்கே ஆதிகாலத்து ஜோக். நானும் சிரித்தேன். கடைசியில் பார்த்தால் லூகாஸ் செய்த எதிலும் பழுதில்லை, பழுது எல்லாம் அழகுபடுத்தியதில் இருந்தது, அதில் ஒரு பங்கு என்னுடையது.

முதல் தவறை அன்றைக்கே செய்தேன். வெளிச்சம் போதவில்லை என்றால் பல்பை மாற்று, வேறென்ன? உள்ளே இருந்தது 48 வாட் சாதாரண டங்ஸ்டன் பல்பு. அதே அடிப்பாகத்தில் பொருந்துகிற 55 வாட் ஹாலஜன் பல்பு கிடைக்கிறது, வாங்கிப் போட்டேன். துளிகூட மாற்றமில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் காசு கொடுத்தவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாற்றம் அது. அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன், முதலிலேயே எடுத்திருக்க வேண்டும்.

பழைய 48 வாட் பல்புகளையே திரும்பப் போட்டு, இன்ஜினை அணைத்து, விளக்கைப் போட்டு அளந்தேன். பேட்டரி முனைகளில் 12.2 வோல்ட். விளக்கின் முனைக்கும் உடலுக்கும் இடையில் 9.7. நடுவில் 2.5 வோல்ட் காணாமல் போகிறது. டங்ஸ்டன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, ஏறக்குறைய அதன் 3.4-ஆவது அடுக்குப்படி விழும், அதாவது வோல்ட்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். இங்கே கணக்குப் போட்டால் 46 சதவீதம்தான் மிச்சம். ஹாலஜன் ஏன் உதவவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது: வாட் கூடினால் மின்னோட்டம் கூடும், மின்னோட்டம் கூடினால் அதே கெட்ட இணைப்பில் இழப்பும் கூடும், கொடுத்ததைப் பாதி வழியிலேயே பிடுங்கிக்கொள்ளும்.

2.5 வோல்ட் எங்கே போகிறது என்று ஒவ்வொரு இணைப்பாகத் தேடினேன். 0.9 வோல்ட் வரும் வழியில். ஃபாக் லைட்டுக்கான ஒயரை, பக்க விளக்குக்குப் போகும் ஒல்லியான சிவப்பு ஒயரிலிருந்து, ஒயரை வெட்டாமல் கவ்விப்பிடிக்கிற அந்த நீல நிறக் கிளிப்பைப் போட்டு எடுத்திருந்தார்கள். அந்தக் கிளிப் உள்ளே ஒயரின் சில இழைகளை அறுத்துவிட்டு மீதியைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது, மழைத்தண்ணீர் ஏறிப் பச்சை பிடித்திருந்தது. இதெல்லாம் வழக்கமாகப் பார்ப்பதுதான்.

மீதி 1.6 வோல்ட் எர்த்தில். இதுதான் சுவாரசியம். இந்த விளக்குகளுக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது, விளக்கின் கூடு, அதன் தாங்கி, பம்பர் போல்ட், பம்பர் இரும்பு, பாடி என்று உலோகம் தொட்டு உலோகம் வழியாகத்தான் மின்சாரம் திரும்ப வேண்டும். பழைய காலத்தில் தாங்கி வெறும் க்ரோம் இரும்பு, இறுக்கினால் தொட்டுக்கொள்ளும். புதுப்பித்தவர்கள் தாங்கியைப் பளபளவென்று கறுப்புப் பவுடர் கோட்டிங் செய்து மாட்டியிருந்தார்கள். பவுடர் கோட்டிங் என்பது பிளாஸ்டிக் தோல், மின்சாரம் அதில் போகாது. போல்ட்டின் மரை எங்கோ ஓர் ஓரத்தில் தோலைக் கீறியிருந்த இடத்தில் மட்டும் எர்த் கிடைத்துக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்ததே பெரிய விஷயம்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி இந்த வண்டியின் எர்த் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் இது என் காலை வாரிவிட்டது. எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டனில் தயாரானது. 1967 கடைசி வரை வந்த வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். இன்றைக்கு எல்லா வண்டியும் நேர்மாறு. பல்புக்கு இது ஒரு பொருட்டே அல்ல, எந்தப் பக்கம் மின்சாரம் போனாலும் எரியும். எல்இடி போட்டால்தான் வம்பு, அது மின்சாரத்தை ஒரே திசையில்தான் விடும். பெரியவரின் பேரன் எல்இடி வாங்கி வைத்திருந்தான், மாட்டிப் பார்த்தும் எரியவில்லை என்று கெட்டுப்போன சரக்கு எனத் திருப்பி அனுப்பிவிட்டான். சரக்கு பாவம், என்ன செய்யும். எரிந்திருந்தாலும் நான் சம்மதித்திருக்க மாட்டேன். விளக்குக்குள் பல்பின் பின்னால் இருக்கும் பளபளப்பான கிண்ணம், அதாவது ரிஃப்ளெக்டர், சின்ன இழை ஒன்று ஒரு குறிப்பிட்ட புள்ளியில் இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது, நாலு பக்கமும் சிப் ஒட்டிய எல்இடி அங்கே நின்றால் வெளிச்சம் கண்டபடி சிதறும்.

சரி, விளக்கைக் கழற்றித் திறந்தேன். வலப்பக்க விளக்கைத் திறந்ததும் வினிகர் வாடை. லேசாகத்தான், ஆனால் சந்தேகமில்லாத வாடை. கண்ணாடியையும் ரிஃப்ளெக்டரையும் ஒருமுறை பிரித்துவிட்டுச் சாதாரணக் குளியலறை சிலிக்கானைப் பிதுக்கி ஒட்டியிருந்தார்கள். மலிவான சிலிக்கான் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், வினிகரில் இருப்பதும் அதுதான். திறந்த வெளியில் ஒட்டினால் ஆவி பறந்துவிடும், மூடிய விளக்குக்குள் எங்கே போகும்? ரிஃப்ளெக்டரின் மேல் படிந்து அரித்திருந்தது. மார்கழிக் காலையில் ஜன்னல் கண்ணாடி இருக்கிற மாதிரி ஒரே மங்கல். அமிலம் விடாத நியூட்ரல் வகை சிலிக்கானும் கடையில் அதே அலமாரியில்தான் இருக்கிறது, குழாயின் பின்பக்கம் படித்தால் தெரியும்.

அதோடு போகவில்லை. ஒட்டும்போது கண்ணாடி ஒரு 15 டிகிரி திரும்பிவிட்டிருக்கிறது. ஃபாக் லைட் கண்ணாடியில் செங்குத்தாக வரிவரியாகப் பள்ளம் ஓடும், அந்த வரிகள்தான் வெளிச்சத்தை இடமும் வலமுமாக விசிறிபோல் விரிக்கின்றன. வரி சாய்ந்தால் விசிறியும் சாயும். சுவரில் அடித்துப் பார்த்தபோது வெளிச்சப் பட்டை ஒரு பக்கம் தரையிலும் மறுபக்கம் வானத்திலுமாக இருந்தது, வானத்தைப் பார்த்த பக்கம் எதிரே வருகிறவர் பக்கம். இங்கே வண்டி இடப்பக்கம் ஓடும், எதிரே வருகிறவர் நமக்கு வலப்பக்கம்.

இடப்பக்க விளக்கு இன்னும் பெரிய கதை. அது ஃபாக் லைட்டே இல்லை. கூடு ஒன்றுதான், அளவு ஒன்றுதான், ஆனால் வலப்பக்கம் இருந்தது எஸ்எஃப்டி 576, இடப்பக்கம் எஸ்எல்ஆர் 576, அதாவது தூரத்து வெளிச்சத்துக்கானது. அந்தக் காலத்தில் இது தப்பில்லை, ராலி ஓட்டுகிறவர்களைப் பார்த்து ஊரில் பலரும் ஒரு பக்கம் ஃபாக், ஒரு பக்கம் தூர விளக்கு என்று மாட்டிக்கொள்வார்கள், இரண்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச் இருக்கும். யாரோ பிற்காலத்தில் இரண்டையும் ஒரே ஸ்விட்ச்சில் கோத்துவிட்டார்கள். மூடுபனியில் தூர விளக்கைப் போட்டால் என்ன ஆகும் என்று பனியில் ஹெட்லைட்டை பிரைட்டில் போட்டுப் பார்த்த யாருக்கும் தெரியும், கண்ணுக்கு எதிரே வெள்ளைச் சுவர் எழும்பும். பெரியவர் அணைத்தால்தான் தெரிகிறது என்றாரே, அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

அந்த எஸ்எல்ஆர் விளக்கின் ரிஃப்ளெக்டரைப் பார்த்து நான் முதலில் அசந்துதான் போனேன், அத்தனை பளபளப்பு. ஆனால் வெள்ளியின் அந்த வெண்மை இல்லை, லேசான நீலம் கலந்த இருட்டு. க்ரோம். வளையத்தோடு சேர்த்து ரிஃப்ளெக்டரையும் க்ரோம் தொட்டியில் முக்கியிருக்கிறார்கள். பார்க்க எல்லாமே கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் புதுவெள்ளி தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 95 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், அலுமினியம் 90-ஐ ஒட்டி, க்ரோமோ 60-65 சதவீதம்தான். மூன்றில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். ரிஃப்ளெக்டருக்கு க்ரோம் போடாதீர்கள் என்று இதைப் படிக்கும் யாராவது ஒருவர் நினைவில் வைத்தாலும் போதும்.

இன்னொரு எஸ்எஃப்டி தேவைப்பட்டது. ஹாம்ப்ஷயரில் பியூலியில் ஒவ்வொரு செப்டம்பரிலும் பழைய உதிரிபாகச் சந்தை கூடும், நம்மூர்ச் சந்தை மாதிரியேதான், தார்ப்பாயில் துருப்பிடித்த சாமான்களைப் பரப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், என்ன, விலை மட்டும் நம்மூர் விலை இல்லை. அங்கே ஒற்றையாக ஒன்று கிடைத்தது. வெளியே துரு, ஆனால் கண்ணாடி முழுசு, உள்ளே ரிஃப்ளெக்டர் தூசி படிந்திருந்தாலும் நல்ல நிலையில் இருந்தது.

இருந்தது என்று இறந்தகாலத்தில் சொல்வதற்குக் காரணம் நான். சின்ன வயதில் வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு துலக்கிய கை, அந்தப் பழக்கத்தில் மெட்டல் பாலிஷைத் துணியில் எடுத்து ஒரே ஒரு சுற்றுத் தேய்த்தேன். துணி கறுத்தது, சந்தோஷமாக இன்னொரு சுற்று. இருபது நொடியில் அடியிலிருந்த மஞ்சள் வார்னிஷ் தெரிந்தது. ரிஃப்ளெக்டரின் பளபளப்பு என்பது மைக்ரானில் பாதிகூட வராத ஒரு படலம், அதைத் துலக்க முடியாது, துடைத்தெடுக்கத்தான் முடியும். தூசியென்றால் சோப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி அலசி, காய்ச்சி வடித்த நீரில் இன்னொரு தடவை அலசிக் கவிழ்த்துவைத்துவிட வேண்டும். துணியே படக் கூடாது. எனக்கு இது தெரியாதா என்றால், தெரியும்.

ஆக இரண்டு ரிஃப்ளெக்டரும் பூச்சுக்குப் போயின. வெள்ளியா அலுமினியமா என்று பெரியவர் கேட்டார். வெள்ளி கொஞ்சம் கூடுதல் வெளிச்சம், ஆனால் காற்றிலிருக்கும் கந்தகத்தில் கறுக்கும், வீட்டு வெள்ளிச் சாமான் கறுக்கிற மாதிரியே. விளக்கைத் திறந்து வருடாவருடம் துடைக்கவும் முடியாது, துடைத்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியாயிற்று. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு மாதம் கழித்து வந்தது, நன்றாகவே வந்தது.

கூடுகளுக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வளையத்தில் காந்தம் ஒட்டவில்லை, பித்தளை, அதனால் துருவில்லை. சந்தையில் வாங்கிய இரும்புக் கூட்டில் மட்டும் புள்ளிப்புள்ளியாகத் துரு, அதை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன், தாள் க்ரோமைவிட மென்மை என்பதால் கீறாமல் துருவை மட்டும் எடுக்கும். குழிகள் அப்படியே இருக்கின்றன. இருக்கட்டும், கண்ணாடியை ஒட்டியது நியூட்ரல் சிலிக்கானில்.

ஒயரிங்தான் அதிக நேரம் எடுத்தது. முதலில் டைனமோ கணக்கு. இந்த வண்டியில் இருப்பது சி40 டைனமோ, உச்சத்தில் 22 ஆம்பியர். மூடுபனியில் இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள்: டிம் விளக்குகள் 90 வாட், ஃபாக் இரண்டும் 96, பக்க விளக்கு பின்விளக்கு எல்லாம் சேர்த்து 30, இக்னிஷன் 40, வைப்பர் 35, ஹீட்டர் ஃபேன் 45. மொத்தம் 336 வாட், 12-ஆல் வகுத்தால் 28 ஆம்பியர். வரவு 22, செலவு 28. அதுவும் 22 என்பது இன்ஜின் நன்றாகச் சுற்றும்போது. மூடுபனியில் யார் வேகமாகப் போவார்கள்? இரண்டாவது கியரில் ஊர்ந்தால் டைனமோ அரைகுறையாகத்தான் தரும், ஐடிலில் ஒன்றுமே தராது, மீதியை சீட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் கொடுத்தாக வேண்டும். ஃபாக் லைட் தேவைப்படுகிற நேரமும் டைனமோ சோர்ந்துபோகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது. ஹாலஜனை மறந்துவிட்டு 48 வாட்டிலேயே நின்றதற்கு இது ஒரு காரணம். பிரிட்டனில் பார்வைத் தூரம் மிகவும் குறைந்த நிலையில், விளக்கின் வெளி ஓரம் வண்டியின் பக்கவாட்டிலிருந்து 400 மி.மீ.-க்குள் இருக்கிற மாதிரி ஜோடியாக இரண்டு ஃபாக் லைட் இருந்தால் டிம் விளக்குக்குப் பதிலாக அதை மட்டும் எரிக்க விதி இடம் கொடுக்கிறது. டேப்பை வைத்து அளந்தோம், சரியாக உள்ளே வந்தது. டிம்மை அணைத்தால் செலவு 20 ஆம்பியர் சொச்சத்துக்கு இறங்குகிறது. ஒற்றை ஃபாக் லைட்டுக்கு இந்தச் சலுகை இல்லை, அதனால் ஜோடி சேர்த்தது அழகுக்காக மட்டும் அல்ல.

ஆளுக்கொரு 10 ஆம்பியர் ஃபியூஸ், ஒன்று போனாலும் மற்றது எரியட்டும் என்று. 2 சதுர மி.மீ. ஒயர், டைனமோ கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து நேராக ரிலேவுக்கு (சின்ன மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்), அங்கிருந்து விளக்குக்கு. நிறம் மட்டும் அந்தக் காலப்படி சிவப்பில் மஞ்சள் கோடு. ரிலேவை இயக்கும் ஒயரைப் பக்க விளக்கிலிருந்து எடுத்தேன், பக்க விளக்கு எரிந்தால்தான் ஃபாக் எரியும், மறந்துபோய் விட்டுவிட்டுப் போக முடியாது. பிறகு ஒவ்வொரு விளக்குக் கூட்டின் உள்ளிருந்தும் தனி எர்த் ஒயர், பாடியில் பெயின்ட்டைச் சுரண்டிய வெறும் உலோகத்துக்கு. பவுடர் கோட்டிங்கைச் சுரண்ட வேண்டிய அவசியமே வரவில்லை, அது பாட்டுக்கு அழகாக இருக்கட்டும்.

ரிலே போட்ட அன்று ஸ்விட்ச்சைத் தட்டியதும் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன டப் சத்தம், கொஞ்சம் புகை. கைக்குக் கிடைத்த புது ரிலே ஒன்றைப் போட்டிருந்தேன், அதற்குள் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுகிற பாகம், இருக்கிறது. நெகட்டிவ் எர்த் வண்டியில் அது சும்மா இருக்கும், காயில் அணையும்போது வரும் அதிர்ச்சியை மட்டும் உறிஞ்சும். இங்கே பாசிட்டிவ் எர்த், டயோடு நேர்த்திசையில் நின்று மொத்த மின்சாரத்தையும் தன் வழியாகக் கொண்டுபோகப் பார்த்து வெடித்துவிட்டது. காயிலின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும், அல்லது டயோடு இல்லாத ரிலே. இரண்டாவதைச் செய்தேன். பெரியவர் பக்கத்திலேயே டீயோடு நின்றிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி அளந்தபோது மொத்த இழப்பு 0.3 வோல்ட்.

விளக்கைக் குறிவைப்பதுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி, பலர் இதை ரோட்டோரம் நின்று கண்ணளவில் முடித்துவிடுகிறார்கள். விளக்கின் மையம் தரையிலிருந்து 45 செ.மீ. சுவரிலிருந்து 5 மீட்டரில் வண்டியை நிறுத்தி, பட்டையின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட 10 செ.மீ. கீழே விழும்படி வைத்தேன், அது 2 சதவீத இறக்கம். அப்படியே நீட்டினால் மேல்விளிம்பு 22.5 மீட்டரில் தரையைத் தொடும். பிரிட்டிஷ் சாலை விதிப் புத்தகத்தில் மணிக்கு 30 மைலில் நிற்பதற்கு 23 மீட்டர், 20 மைலில் 12 மீட்டர் என்று போட்டிருக்கும். அப்படியானால் இந்த விளக்கு வெளிச்சத்தில் 30 மைலைத் தாண்டினால், காட்டுகிற இடத்துக்குள் வண்டி நிற்காது. இதைப் பெரியவரிடம் சொன்னேன், அவர் வண்டி அங்கே 30-ஐத் தொட்டதே இல்லையாம்.

மஞ்சள் பெயின்ட் அடிக்கலாமா என்றும் கேட்டார், எல்லாரும் கேட்பார்கள். மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. வானம் நீலமாகத் தெரிவது காற்று மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை என்பதால், அவை நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும். மூடுபனித் துளி அப்படியில்லை, பெரும்பாலும் அலைநீளத்தைப்போல் பத்து இருபது மடங்கு பெரியது, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும், பனி வெள்ளையாகத் தெரிவதே அதனால்தான். நீலத்தை வடிகட்டினால் கண் கூசுவது சிலருக்குக் குறைகிறது, அது உண்மை, கூடவே கொஞ்சம் வெளிச்சமும் போகும். பிரான்ஸில் 1930-களின் கடைசியிலிருந்து 1993 வரை கார் ஹெட்லைட்டே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது, அந்தக் கார்களுக்கு அது பொருந்துகிறது. இந்த வண்டிக்கு வெள்ளையே இருக்கட்டும் என்று விட்டோம். உண்மையில் பனியில் உதவுவது நிறம் அல்ல, விளக்கு தாழ்வாக இருப்பதும் அதன் வெளிச்சம் கண் மட்டத்துக்கு மேலே ஏறாததும்தான். நமக்கும் சாலைக்கும் நடுவிலிருக்கும் பனியில் எவ்வளவு குறைவாகப் படுகிறதோ அவ்வளவு நல்லது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவரோடு நானும் போனேன். உச்சிக்கு ஒரு மைல் முன்னாலேயே மேகம் வந்துவிட்டது. டிம்மை அணைத்து ஃபாக் மட்டும் போட்டார். பிரகாசமாக ஒன்றும் இல்லை, நான் எதிர்பார்த்ததைவிட அடக்கமான வெளிச்சம், ஆனால் இடது ஓரத்துப் புல், வெள்ளைக் கோடு, சாலையில் பதித்திருக்கும், வெளிச்சம் பட்டால் மின்னும் அடுத்த பூனைக்கண், அதற்கடுத்த பூனைக்கண் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது, எதிரே அந்த வெள்ளைச் சுவர் இல்லை. வைப்பரும் ஹீட்டரும் ஓடிக்கொண்டிருந்தன, டாஷ்போர்டில் டைனமோ போதிய மின்சாரம் தராதபோது எரியும் சிவப்பு விளக்கு இறக்கங்களில் மட்டும் லேசாக மினுங்கியது. மணிக்கு 20 மைல் இருக்கும்.

இடப்பக்க விளக்கில் இப்போதும் குளிர்காலை நேரத்தில் உள்ளே கொஞ்சம் வியர்க்கிறது, அடியிலிருக்கும் வடிகால் துளையைத் திரும்பப் பார்க்க வேண்டும். கழற்றிய எஸ்எல்ஆர் விளக்கு அவருடைய கராஜ் அலமாரியில் துணி சுற்றி உட்கார்ந்திருக்கிறது. அதைத் தனி ஸ்விட்ச்சோடு மறுபடியும் மாட்டித்தர முடியுமா என்று இதுவரை இரண்டு முறை கேட்டுவிட்டார், 1965-இல் எல்லாரும் அப்படித்தான் வைத்திருந்தார்களாம்.